நாற்பதடியில் பாறை

எங்கள் ஊர்ப் பக்கத்து போர்வெல்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுங்கள் என்றார் என் மேலதிகாரி. மாட்டேன் என்றேன். வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஆற அமர யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

எனக்குச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. திருத்தணியிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். பூமிக்கு அடியில் பாறை எப்படிப் படுத்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுக்கிற நிறுவனம் அது. மாடல் என்போம். மேலே மண். அதற்குக் கீழே உளுத்துப்போன பாறை, கடப்பாரையால் குத்தினால் பெயர்ந்து வரும். அதற்கும் கீழே கருங்கல். உளுத்த பாறையில்தான் தண்ணீர் தங்கும் என்பதால், கருங்கல் எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதுதான் எல்லாருக்கும் வேண்டிய விஷயம். ஊர் ஊராகப் போய், போர் போட்டவர்களிடம் கேட்டு, அந்த ஆழங்களைக் கொண்டுவந்து போட்டால், நடுவில் உள்ள இடங்களைக் கம்ப்யூட்டர் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

நான் மாடல் செய்கிறவள் இல்லை. செய்ததைச் சோதிக்கிறவள். சில போர்களின் ஆழத்தை மாடலுக்குக் காட்டாமல் ஒளித்துவைப்போம். மாடல் முடிந்ததும், இந்த இடத்தில் பாறை எங்கே, சொல் பார்க்கலாம் என்று கேட்போம். அது சொல்வதும் நாங்கள் ஒளித்துவைத்ததும் ஒத்துப்போனால் நல்ல மாடல். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரியான வேலை. இந்த வேலை செய்கிறவளை ஆபீஸில் யாருக்கும் பிடிக்காது. அதற்காக நான் தூக்கம் கெட்டதும் கிடையாது.

அந்த முறை வந்தது எங்கள் வட்டாரத்துக்கான குடிநீர்த் திட்டம். உளுத்த பாறை ஆழமாக இருக்கிற இடங்களில் ஊருக்குப் பொதுவாக போர் போட்டு, டேங்க் கட்டி, குழாய் கொடுப்பார்கள். கருங்கல் மேலாகவே இருக்கிற இடங்களை ஒதுக்கிவிடுவார்கள். கே.ஜி.கண்டிகையைத் தாண்டிப் பிரிகிற சாலையில் இருக்கும் எங்கள் தெரு ஒதுக்கப்பட்ட பட்டியலில் போய் விழுந்திருந்தது. மாடலில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு. நாற்பதடியில் கருங்கல் என்றது கம்ப்யூட்டர். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே குழம்பு வைக்கிற தெரு எங்களுடையது. அப்படியே இருந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம்.

ஆனால் நான் ஒளித்துவைத்திருந்த போர்களில், எங்கள் ஊர்ப் பக்கத்தவை நான்கு. நான்கும் மாடலை அடித்துப் போட்டன. நாற்பதில் கல் என்று மாடல் சொன்ன இடத்தில், எண்பதுக்குப் பக்கத்தில்தான் கல் வந்தது என்றன.

மேலதிகாரி என்னைவிட வயதில் சின்னவர். கெட்டிக்காரர். அந்த மாடலை அவர்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தார். திரையில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டும்போது, பிள்ளையின் பல் முளைத்ததைக் காட்டுகிற தகப்பன் முகம் அவருக்கு.

"மேடம், அந்தப் பக்கத்துல இருக்கற மத்த எல்லா போரும் நாப்பது, நாப்பத்தஞ்சுன்னு ஒரே மாதிரி சொல்லுது. இந்த நாலு மட்டும் வேற சொல்லுது. நீங்க யாரை நம்புவீங்க?"

"கை தூக்கச் சொல்லி எண்ணிப் பாக்கறதுக்கு இது என்ன எலெக்‌ஷனா சார்?"

"யாராவது தப்பா சொல்லியிருப்பாங்க. தூக்கிடுங்க. எர்ரர் கொறஞ்சிடும்."

"கொறையாது சார். கண்ணுக்குத் தெரியாம போயிடும்."

அவர் திரையில் ஊர்ப் பெயரைப் பார்த்தார். "இது உங்க ஊருதானே?" என்றார்.

"ஆங், எங்க ஊருதான்."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பார்த்தாராம்! என்னத்தைப் பார்த்தார்? எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காகப் பாறையை நான் கீழே தள்ளிக் காட்டுகிறேன் என்று பார்த்தார். ரயிலில் அரக்கோணம் தாண்டுகிற வரைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நிலக்கடலை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் பசி எடுக்காது, அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக அக்காவின் நிலத்துக்குப் போனேன். எனக்கு ஒரே அக்கா. எங்கள் நைனா விட்டுப்போன நிலத்தில் அவளும் அவள் வீட்டுக்காரரான பாவாவும் கனகாம்பரமும் சாமந்தியும் போடுகிறார்கள். அவள் ஞாயிறு தவறாமல் பாட்டுப் புத்தகத்தோடு சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். அவள் பூ முருகன் மலைக்குப் போகும். ஆடிக் கிருத்திகைக்கு முன்பு அவளைப் பிடிக்க முடியாது, பாவாவைப் படுத்துகிற பாடு ஊருக்கே கேட்கும். அந்தப் பூவை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கழுத்தில் காதில் எதையும் போட்டுக்கொள்ளாத அவளுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால், அது வெயில் காலத்திலும் வாடாத அவளுடைய பாத்திகள்தான்.

"அக்கா, நம்ம போர்ல கல்லு எத்தினி அடியில வந்துச்சு?"

"நாப்பது. நாப்பதடிக்கு கேசிங் பைப்பு எறக்கனோம், அப்பறம் கல்லு. சர்வேன்னு வந்துச்சே ஒரு பொண்ணு, அதுகிட்டயும் இதத்தான் சொன்னேன். மோர் குடுத்து அனுப்பினேன்."

நான் கிணற்று ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எட்டிப் பார்க்கிற கிணறுதான். தண்ணீர் அடியோடு அடியாகக் கிடந்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை பழுப்பு. கடப்பாரை குத்திய தடம் அடிவரை தெரிந்தது. நடுத்தரையில் போரின் நீலக் குழாய் துருத்திக்கொண்டு நின்றது. கிணற்றின் ஆழமே நாற்பது இருக்கும். நாற்பதடிவரை ஆட்கள் கடப்பாரையால் வெட்டியிருக்கிறார்கள். அங்கே எங்கிருந்து வந்தது கருங்கல்?

"அக்கா, நாப்பதுன்னா எங்கேர்ந்து நாப்பது?"

"இதென்னாடி கேள்வி? போர் எங்கேர்ந்து ஆரம்பிக்குதோ அங்கேர்ந்து. பின்ன ஆகாசத்துலேர்ந்தா அளப்பாங்க?"

நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். நிறுத்தவே முடியவில்லை. "இன்னாடி, பேய் புடிச்சாப்பல" என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் கிணறு வற்றினால் யாரும் மூட மாட்டார்கள். சின்ன மிஷினைக் கிணற்றுக்குள் இறக்கி, அடித்தரையிலேயே நிறுத்தி, அங்கிருந்து போர் போடுவார்கள். மேலிருந்து போடுவதைவிடச் செலவு குறைவு. கிணறு தகப்பன் வெட்டியது, போர் மகனோ மருமகனோ போட்டது. அது வேறு, இது வேறு. இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கிணறு எவ்வளவு என்று கேட்டால் கிணற்றைச் சொல்வார்கள், போர் எவ்வளவு என்று கேட்டால் கிணற்றுத் தரையிலிருந்து போரை மட்டும் சொல்வார்கள். சர்வேக்கு வந்த பெண் போரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். இவர்களும் போரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் எல்லாவற்றையும் தரைமட்டத்திலிருந்து எண்ணி, ஒரு முழுக் கிணற்றின் ஆழத்தை விழுங்கிவிட்டது. எல்லா போரும் ஒரே மாதிரி சொன்னது அதனால்தான். எல்லாரும் ஒரே மாதிரி எண்ணியிருந்தார்கள். வேறு சொன்ன அந்த நான்கும், கிணறே இல்லாதவர்கள் நேராக மேல்தரையிலிருந்து போட்ட போர்கள்.

அன்றைக்கே பாவாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன். அளவு நாடாவின் நுனியில் ஒரு பெரிய இரும்பு நட்டைக் கட்டி, மாடலில் இருந்த கிணறு ஒவ்வொன்றிலும் இறக்கி அளந்தோம். அடுத்தடுத்த ஞாயிறுகளும் அதிலேயே போயின. ஆர்.கே.பேட்டை ரோட்டில் ஒரு வீட்டில் பவர்லூம் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு பெண் ஓடி வந்தாள்.

"இன்னாமா உள்ள உட்டுட்ட? தோடா?"

"இல்லீங்க, கெணறு எவ்ளோ ஆழம்னு பாக்கறேன்."

"பாத்து? சம்பந்தம் பண்ணப் போறியா?"

"பண்ணிக்கலாம்னுதான் வந்தோம், ஆனா தண்ணி கீழ கெடக்குதே" என்றார் பாவா. அந்தப் பெண் சிரித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். போர் எவ்வளவு என்று கேட்டேன். எங்கேயிருந்து எண்ணினீர்கள் என்றும் கேட்டேன். அக்கா பார்த்த அதே பார்வையைப் பார்த்தாள்.

ஆபீஸில் எல்லாவற்றையும் மேலதிகாரியின் முன் வைத்தேன். கிணற்றின் ஆழத்தைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் எண்பதைத் தொட்டது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அளந்தது நீங்க. வண்டி ஓட்டினது உங்க அக்கா வீட்டுக்காரர். ஆரம்பிச்சது உங்க அக்கா கிணத்துல. மேலே இருக்கறவங்க கேட்டா நான் என்ன சொல்றது? உங்க தெருவுக்குத் தண்ணி வரணும்னு நீங்க நினைக்கறீங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"நெனைக்கறேன்தான் சார்! யாரு இல்லன்னா? லாரிக்குக் குடத்தைத் தூக்கிகினு ஓடற தெரு அது, நானும் ஓடியிருக்கேன். ஆனா நான் நெனைச்சா பாறை எறங்கிடுமா? அந்த அளவுக்கு எனக்குத் தெம்பு இருந்தா நான் ஏன் இங்க வந்து வேலை பாக்கறேன்?"

பக்கத்து மேஜைகளில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. எனக்கு ஆபீஸ் தமிழ் மறந்து வீட்டுத் தமிழ் வந்துவிட்டால் அங்கே எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

"சோதனை போர் ஒண்ணு போடறதுக்குத் திட்டத்துலயே இடம் இருக்குது. போடுங்க. எந்த இடம்னு நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க. உங்க மாடலுக்கு எங்க ரொம்ப நம்பிக்கையோ அங்கயே வைங்க. நாப்பதுல கல்லு வந்துச்சுன்னா அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் புறம்போக்கு.

போர் லாரி வந்த அன்று தெருவே அங்கே இருந்தது. லாரிக்காரர் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். அவர் முடிக்கிறவரை காத்திருந்த எங்கள் சர்ச் உபதேசியார், தன் பங்குக்குக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. "ஆமென் சொல்லுங்க ஐயா, டீசல் எரியுது" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். எனக்காக நின்றாள். வேலையை விட்டுவிடுவேன் என்று நான் சவால் விட்டது அவளுக்குத் தெரியும். திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வந்து நின்றாள்.

கல்லில் போர் இறங்கினால் வெள்ளைத் தூள் பறக்கும், சத்தம் கணீரென்று மாறும். இருபதடி. பழுப்புத் தூள். முப்பது. பழுப்பு. நாற்பதுக்கான குழாயை மாட்டும்போது மேலதிகாரி லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு என் அளவு நாடாமேலேயே சந்தேகம் வந்தது. நாற்பது தாண்டியது. பழுப்பு. ஐம்பதில் தூள் ஈரமாகி, சேறாகத் தெறித்தது. தெரு சத்தம் போட்டது. லாரிக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அறுபது, எழுபது, சேறு, சேறு. எண்பதை நெருங்கியபோதுதான் அந்தக் கணீர் கேட்டது. வெள்ளைத் தூள் வந்தது. மிஷினை நிறுத்தச் சொன்னார்கள்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. குதிக்கவில்லை, அவ்வளவுதான். மேலதிகாரியின் சட்டையெல்லாம் சேறு. அந்தச் சேற்றோடு கூட்டத்தின் நடுவே நடந்து வந்து, "மேடம், தப்பு என் பேர்லதான்" என்றார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை நான் வைத்துக்கொண்டேன்.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கிணறுகளின் ஆழத்தையெல்லாம் சேர்த்து மாடலைப் புதிதாகச் செய்தார்கள். நான் ஒளித்துவைத்த போர்களோடு அது இப்போது அச்சாக ஒத்துப்போனது. ஒரு நாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உட்காருங்கள் என்றார். அவர் உட்காருங்கள் என்று சொன்னால் நல்ல சேதி இருக்காது.

திரையில் எங்கள் தெருவின் அடி. உளுத்த பாறை ஒரு நீளமான தொட்டி மாதிரிக் கிடந்தது. ஒரு முனை சர்ச் பக்கத்துப் புறம்போக்கு. இன்னொரு முனை அக்காவின் கிணறு. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. பழைய மாடலில் இந்தத் தொட்டியே கிடையாது. இது இருக்கிறது என்று சண்டை போட்டு நிரூபித்தவள் நான்.

"ஒரே தண்ணி மேடம். இந்தப் பக்கம் தெரு முழுக்கக் குடிக்க இறைச்சா, அந்தப் பக்கம் எறங்கும். மழைக் காலத்துல தெரியாது. கோடையில உங்க அக்கா கிணத்துல பூவுக்குப் பத்தாது."

அவரே தொடர்ந்தார். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"சோதனை போர்ல நாம பாறையைத்தான் பார்த்தோம், தண்ணி எவ்ளோன்னு அளக்கல. 'நீர் வரத்து உறுதியில்லை'ன்னு நீங்க ஒரு வரி எழுதினா போதும். திட்டம் அடுத்த ஊருக்குப் போயிடும். யாரும் கேக்க மாட்டாங்க. உங்க அக்கா கிணறு பிழைச்சிடும்."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்டதற்கு ஈடு கட்டுகிறார் என்று புரிந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சந்தேகப்பட்டபோது எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்தது.

அந்த வரியை எழுத எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. இருந்தது. அக்காவின் பாத்திகள் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆனால் எழுதினால், 'அதானே பார்த்தேன்' என்று அவர் அன்று சொன்னது உண்மையாகிவிடும். என் வீட்டுக்காக நான் பாறையை ஏற்றி இறக்குகிறவள் ஆகிவிடுவேன். ஐம்பதடியில் சேறு தெறித்தபோது சத்தம் போட்ட தெருவின் முகத்தை அப்புறம் நான் எப்படிப் பார்ப்பது?

"எழுத மாட்டேன் சார்."

"உங்க அக்கா?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் கனகாம்பரம் கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்து கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றியும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"நீ வாயை மூடிகினு இருந்திருந்தா என் தண்ணி எனக்கு இருந்திருக்கும்."

"ஆங்."

"இப்பக்கூட ஒரு வரி எழுதினா இருக்கும்."

"ஆங்."

"அப்பறம் ஏன்டி எழுதல?"

"பொய்யிக்கா அது."

"பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுது! அதுல எனக்கு நாலு பூ பூக்கும். ஊருக்கெல்லாம் தண்ணி காட்டறவளே, கூடப் பொறந்தவளுக்கு இதுதான் பண்ணுவியா? நான் அங்க வந்து உனக்காக நின்னேனேடி!"

மடியிலிருந்த பூவையெல்லாம் கூடையில் கொட்டிவிட்டு எழுந்து போனாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பாவா மட்டும் எப்போதாவது போன் பண்ணி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

திட்டம் எங்கள் தெருவுக்கு வந்தது. போர் போடுவதற்கு முன் அதிகாரிகள் வந்து சர்ச் வளாகத்தில் கூட்டம் போட்டார்கள். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஓர் அதிகாரி கேட்டார். எல்லார் கண்ணும் அக்காவின் பக்கம் திரும்பியது. விஷயம் ஊர் முழுக்கத் தெரியும். அதையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா எழுந்தாள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

"போடுங்க" என்றாள். "ஆனா எழுதிக்குங்க. இதுல வர்ற தண்ணி என் கெணத்துத் தண்ணி. என் பூவு காயப் போவுது. அதைத் தெரிஞ்சிதான் போடச் சொல்றேன். யாரும் பின்னால வந்து பாறையில தானா ஊறுச்சுன்னு சொல்லக் கூடாது."

"அதை எழுத இடம் இல்லையேம்மா" என்றார் அதிகாரி. "ஆட்சேபம் உண்டு, இல்லை, ரெண்டுதான்."

"இடம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. ஓரம் இருக்குது இல்ல?"

அக்கா உட்காராமல் நின்றாள். கடைசியில் அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பெருமை. ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன், கடித்துவிடுவாள் என்ற பயம்.

டேங்க் கட்டினார்கள். தெருவில் குழாய் வந்தது. லாரிக்காக ரோட்டைப் பார்க்கிற வேலை போயிற்று. அடுத்த கோடையில், நான் சொன்னது சொன்னபடி நடந்தது. அக்காவின் மோட்டார் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் எடுத்துவிட்டு வெறும் காற்றை இழுக்க ஆரம்பித்தது. சாமந்தியை அவளே பிடுங்கிப் போட்டாள். கனகாம்பரத்தில் பாதி கருகிவிட்டது. இப்படியொரு விஷயத்தில் என் கணக்கு சரியாக வந்ததற்காக நான் அழுதேன். வேறு யாராவது சோதித்த மாடலாக இருந்திருந்தால் எங்கேயாவது ஒரு பிழை கண்டுபிடித்திருப்பேன். இதில் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு காலை, லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். குழாயடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அக்கா. பிளாஸ்டிக் குடத்தோடு வந்து, வரிசையில் இருந்த குடங்களை எல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு, தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்திருந்தாள்.

"வரிசையில வாக்கா" என்றது ஒரு பெண்.

"எதுக்கு? என் தண்ணிக்கு நான் வரிசையில நிக்கணுமா?"

அந்தப் பெண் பின்வாங்கிவிட்டாள். குடம் நிரம்பியது. அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராகத் தெருக்கோடியில் இருக்கும் நிலத்துக்குப் போனாள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மிச்சமிருந்த கனகாம்பரத்தின் வேரில், ஒவ்வொரு செடியாக, கையால் அள்ளி அள்ளி ஊற்றினாள். குடம் காலியானதும் திரும்பி வந்தாள்.

டேங்க் ஆபரேட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "குடிக்கற தண்ணிமா அது. செடிக்கு ஊத்தக் கூடாது, ரூல்ஸ்ல எடம் கெடையாது."

"ஓரத்துல எழுதியிருக்குது, போய்ப் படி" என்றாள் அக்கா. குடத்தை மறுபடியும் குழாய்க்கு அடியில் வைத்தாள். "நிறுத்தறதுன்னா நிறுத்திப் பாரு."

அவர் நிறுத்தவில்லை.

நான் வீட்டுக்குள் போய் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் குடம் நிரம்பியதும் என் குடத்தை வைத்தேன். அவள் போகாமல் நின்றாள். என் குடத்தில் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பைத் தொட்டு வழிய ஆரம்பித்தது. இவ்வளவு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

"வழியுது பாரு. தூக்குடி, வெயில் ஏறறதுக்குள்ள அந்தக் கடைசிப் பாத்திக்கு ஊத்தணும்."